ஊருக்குப் போனால் வரைபடம் ஏன் வெறுமையாகிறது? போக்கிமான் கோ: நகரமும் கிராமமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கல் விடுமுறைக்குச் சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ ஊருக்குப் போய் போக்கிமான் கோ என்னும் கைப்பேசி விளையாட்டைத் திறந்தவர்களுக்கு இந்தக் கேள்விகள் புதியவை அல்ல. கிராமத்திலேயே இருந்து விளையாடுகிறவர்களுக்கோ இவை அன்றாடச் சிக்கல்கள். இரு தரப்பினரையும் மனத்தில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன். ஆனால் என் சார்பு கிராமத்து விளையாட்டாளர் பக்கம்தான்.

இட அடிப்படை விளையாட்டு என்றால் என்ன?

நீங்கள் நிற்கும் இடத்தைக் கைப்பேசியின் ஜிபிஎஸ் மூலம் அறிந்து, அந்த இடத்தையே களமாக்கும் விளையாட்டு. போக்கிமான் கோ விளையாட்டில் உங்கள் தெருவே ஆடுகளம். நடந்தால் போக்கிமான் என்னும் கற்பனை உயிரினங்கள் நிறையக் கிடைக்கும், முட்டைகள் பொரியும். போக்கிஸ்டாப் என்னும் நிறுத்தங்களில் உயிரினங்களைப் பிடிக்கும் பந்துகளும் மருந்துகளும் கிடைக்கும். ஜிம் என்னும் களங்களைப் பிடிக்க விளையாட்டாளர் அணிகளுக்கிடையே சண்டை நடக்கும். இந்த இரண்டும் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்தே உங்கள் விளையாட்டு அமையும்.

நகரத்தில் தெருவுக்குத் தெரு நிறுத்தம், எங்கள் ஊரில் ஒன்றுகூட இல்லை. யார் முடிவு செய்தது?

பெரும்பாலும் விளையாட்டாளர்கள்தான், அதுவும் போக்கிமான் கோ வருவதற்கு முன்பே.

இதை உருவாக்கிய நியான்டிக் நிறுவனம் 2010இல் கூகுளுக்குள் தொடங்கி, 2015இல் தனியாகப் பிரிந்தது. அதன் முதல் பெரிய விளையாட்டு 2012 நவம்பரில் சோதனைப் பதிப்பாக வந்த இன்கிரஸ். அதில் 'போர்ட்டல்' என்ற புள்ளிகள் இருந்தன. சிலைகள், நினைவுச் சின்னங்கள், வழிபாட்டுத் தலங்கள், சுவரோவியங்கள் ஆகியவற்றைப் படமெடுத்து அனுப்பினால், ஏற்கத்தக்கவை போர்ட்டல் ஆயின. அனுப்பியவர்கள் யார்? அன்றைக்கு நல்ல கைப்பேசியும் இணையமும் கையில் இருந்தவர்கள். பெரும்பாலும் பெருநகரத்தவர்கள், தொழில்நுட்ப ஆர்வலர்கள். தாங்கள் புழங்கும் இடங்களை அவர்கள் பதிவு செய்தார்கள். அதில் குற்றம் இல்லை. ஆனால் அவர்கள் புழங்காத இடங்கள் விடுபட்டுப் போயின.

2015இல் புதிய பரிந்துரைகளை நியான்டிக் நிறுத்திவிட்டது. கதவு மூடியிருந்த அந்தக் காலத்தில்தான் போக்கிமான் கோ வந்தது: 2016 ஜூலையில் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அதே ஆண்டு டிசம்பரில் இந்தியா, இலங்கை உள்ளிட்ட தெற்காசியா. இன்கிரஸின் பழைய புள்ளிகளே நிறுத்தங்களாகவும் ஜிம்களாகவும் மாறின. இந்திய வெளியீட்டுக்கு ரிலையன்ஸ் ஜியோவுடன் கூட்டு ஏற்பட்டது. அதனால் ரிலையன்ஸ் டிஜிட்டல் கடைகளும் நிறுத்தங்கள் ஆயின. அந்தக் கடைகள் இருந்ததும் நகரங்களில்தான். ஏற்கெனவே நிறைந்திருந்த இடத்திலேயே மேலும் சேர்ந்தது.

இந்தியாவுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல இது. அமெரிக்காவில் 2016லேயே, கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் நிறுத்தங்கள் குறைவு என்று ஆய்வாளர்களும் செய்தியாளர்களும் எடுத்துக்காட்டினார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை, நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் இடையே இந்த விளையாட்டில் உள்ள ஏற்றத்தாழ்வை விரிவாகக் காட்டியது.

எனவே உங்கள் ஊர் வரைபடத்தில் வெறுமையாக இருப்பதற்கு, அங்கே எதுவும் இல்லை என்பது பொருள் அல்ல. இதுவரை யாரும் எழுதிப் போடவில்லை, அவ்வளவே. இன்று எழுதிப் போட முடியும். எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன்.

உயிரினங்களும் ஊரில் குறைவாகத் தோன்றுவது ஏன்?

தோன்றும் புள்ளிகள் மக்கள் நடமாட்டமும் கைப்பேசிப் பயன்பாடும் உள்ள இடங்களில் அடர்த்தியாக இருப்பதை விளையாட்டாளர்கள் தொடக்கத்திலிருந்தே கவனித்து வந்திருக்கிறார்கள். பேருந்து நிலையம், சந்தை, நெடுஞ்சாலையோரம் ஆகிய இடங்களில் கிராமத்திலும் ஓரளவு கிடைக்கும். வயல்வெளிக்கு நடுவே போனால் திரை பச்சையாகவே இருக்கும்.

கிராமத்து விளையாட்டாளர் உண்மையில் எதை இழக்கிறார்?

முதலில் பந்துகள். பந்து தீர்ந்தால் எதிரே நிற்கும் உயிரினத்தையும் பிடிக்க முடியாது. அடுத்தது தினசரித் தொடர்: நாள்தோறும் ஒரு நிறுத்தத்தைத் திரையில் விரலால் சுழற்றுவதற்குக் கிடைக்கும் கூடுதல் பரிசு. பக்கத்து ஊருக்குப் போகாத நாளில் அது அறுந்துவிடும்.

ஆனால் மிகப் பெரிய இழப்பு, விளையாட்டுக்குள் செலவிடும் நாணயம். ஜிம்மில் உங்கள் உயிரினம் காவல் நின்றால், 10 நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் நாளொன்றுக்கு 50 நாணயம் வரை காசு செலவில்லாமல் கிடைக்கும். ஜிம்மே இல்லாதவருக்கு இந்த வழி அடைபடுகிறது. ஜிம்மில் தோன்றும் வலிய உயிரினத்தைப் பலர் சேர்ந்து எதிர்க்கும் ரெய்டு சண்டையில் தொலைவிலிருந்தே சேர உதவும் ரிமோட் ரெய்டு பாஸ், 2020 ஏப்ரலில் கொரோனாக் காலத்தில் வந்தது. கிராமத்தவருக்கு அது பெரிய வரமாக அமைந்தது. 2023 ஏப்ரலில் அதன் விலை 100 நாணயத்திலிருந்து 195 ஆக உயர்த்தப்பட்டது. நகரத்தவருக்கு அது நான்கு நாள் ஜிம் வருமானம். ஜிம் இல்லாத ஊரில் இருப்பவருக்குக் கைக்காசு. யாருக்கு அந்தப் பாஸ் மிகவும் தேவையோ, அவருக்கே விலையேற்றம் மிகவும் வலித்தது. இதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

அப்படியானால் நகரத்தில் குறையே இல்லையா?

உண்டு. உயரமான கட்டடங்களுக்கு நடுவே செயற்கைக்கோள் சமிக்ஞை சுவர்களில் மோதித் திரும்புவதால், திரையில் உங்கள் உருவம் தானாக அலையும். திறந்த வானத்தின் கீழ் நிற்கும் கிராமத்தவருக்கு இந்தத் தொல்லை இல்லை. நகரத்து ஜிம்களில் உங்கள் உயிரினத்தை வைத்த அரை மணி நேரத்தில் வேறு அணியினர் விரட்டிவிடுவார்கள். நடைபாதையே இல்லாத தெருவில் திரையைப் பார்த்தபடி நடப்பதும் ஆபத்து.

நகரத்தின் உண்மையான பலம் மனிதர்கள். மாதந்தோறும் வார இறுதியில் நடக்கும் கம்யூனிட்டி டே என்னும் சிறப்பு விளையாட்டு நாளன்று, சென்னையில் ஒரு பெரிய பூங்காவுக்குப் போனால் முன்பின் அறியாத பத்துப் பேரோடு பேசலாம், உயிரினங்களை மாற்றிக்கொள்ளலாம். அண்ணா நகர் கோபுரப் பூங்கா போன்ற இடத்தில் சுற்றி நடக்கப் பாதையும் உட்கார நிழலும் இருக்கின்றன. இவற்றுக்கு ஈடாகக் கிராமத்தில் எதையும் உடனே கொடுத்துவிட முடியாது.

என் ஊரில் ஒரு நிறுத்தமும் இல்லை. இன்றிரவே விளையாட வேண்டும். என்ன செய்வது?

உயிரினங்களை ஈர்க்கும் தினசரி சாகச இன்சென்ஸைப் பயன்படுத்துங்கள். 2022இல் வந்த இது நாளுக்கு ஒரு முறை இலவசமாக 15 நிமிடம் வேலை செய்யும். நிறுத்தமோ தோன்றும் புள்ளியோ தேவையில்லை. நீங்கள் நடந்தால் போதும், உயிரினங்கள் வரும். கையில் 30 பந்துக்குக் குறைவாக இருந்தால், இதைத் தொடங்கும்போது பந்துகளும் தரப்படும். கிராமத்தவருக்காகவே செய்தது போன்ற ஏற்பாடு இது. ஒரு நாளும் தவறவிடாதீர்கள்.

சாதாரண இன்சென்ஸைப் பொறுத்தவரை, உட்கார்ந்திருந்தால் ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கு ஒன்றுதான் வரும். நடந்தால் நிமிடத்துக்கு ஒன்று என்ற அளவில் வரும். எனவே வீட்டுத் திண்ணையில் அதை வீணாக்க வேண்டாம். கம்யூனிட்டி டே நேரத்துக்கு எடுத்து வையுங்கள். அன்றைய சிறப்பு உயிரினம் இன்சென்ஸிலும் வரும்.

அட்வென்ச்சர் சிங்க் வசதியை இயக்கி வையுங்கள். 2018 இறுதியில் வந்த இது, விளையாட்டு மூடியிருக்கும்போதும் நீங்கள் நடந்த தூரத்தைக் கணக்கில் எடுக்கும். வயலுக்கும் கடைக்கும் நடக்கிறவர்களுக்கு வாரத்தில் 25 கிலோமீட்டர் என்பது இயல்பாகவே கைகூடும், சிலருக்கு 50கூட. இரண்டு இலக்குகளுக்கும் பரிசு உண்டு. முட்டை பொரிப்பதிலும் இது கிராமத்தவருக்குக் கைகொடுக்கும்.

நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நண்பர்களுக்கு அனுப்பும் பரிசுகள் பெரும்பாலும் நிறுத்தங்களில் கிடைப்பவை என்பதால், நிறுத்தம் இல்லாத ஊரிலிருந்து அவற்றை அனுப்புவது கடினம், ஆனால் பெறலாம். ஒவ்வொரு பரிசிலும் பந்து, மருந்து போன்றவை இருக்கும். நகரத்தில் இருக்கும் அத்தை மகனிடமோ கல்லூரித் தோழியிடமோ உங்கள் நிலையைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் திரும்ப அனுப்ப முடியவில்லை என்று அவர்கள் தவறாக எண்ணமாட்டார்கள்.

எங்கள் ஊரில் ஒரே ஒரு ஜிம் இருக்கிறது. பயனுண்டா?

நிறைய உண்டு. வழக்கமான சிக்கல் என்னவென்றால், வைத்த உயிரினத்தை யாரும் தோற்கடிக்காமல் அது வாரக்கணக்கில் அங்கேயே நிற்கும். திரும்பி வரும் நாளில்தான் நாணயம் கிடைக்கும், அப்போதும் 50க்கு மேல் இல்லை. ஊரில் உங்களோடு விளையாடும் இன்னொருவர் வேறு அணியில் சேரட்டும். காலையில் ஒருவர், மாலையில் மற்றவர் என்று பேசிவைத்து ஜிம்மை மாற்றிக்கொண்டால் இருவருக்கும் வருமானம். விளையாட்டின் விதிக்கு இது புறம்பானது அல்ல.

ரெய்டு விஷயத்திலும் நீங்கள் கையற்றவர் அல்ல. எளிய ரெய்டுகளைத் தனியாக முடிக்கலாம். கடினமான ஐந்து நட்சத்திர ரெய்டுக்கு, தொலைவில் உள்ள நண்பர்களை நீங்கள் அழைக்கலாம். ஜிம் அருகே நிற்கும் நீங்கள் அன்றைய இலவசப் பாஸில் ஆடுவீர்கள். ரிமோட் பாஸ் அவர்களுக்குத்தான் தேவை.

புதிய நிறுத்தத்துக்கு எப்படிப் பரிந்துரைப்பது?

வேஃபேரர் என்பது இதற்கான அமைப்பு. 2019 இறுதியில் தொடங்கியது. விளையாட்டாளர்கள் பரிந்துரைப்பார்கள், மற்ற விளையாட்டாளர்கள் மதிப்பிடுவார்கள். பரிந்துரைக்க உயர்ந்த நிலை தேவை. தொடக்கத்தில் 40ஆம் நிலை என்றிருந்தது, பிறகு 37 வரை தளர்ந்தது. வரம்புகள் மாறக்கூடியவை. விளையாட்டின் அமைப்புப் பகுதியில் புதிய போக்கிஸ்டாப் என்ற தெரிவு இருந்தால் உங்களுக்குத் தகுதி உண்டு.

கிராமத்தில் இருப்பவர் அந்த நிலையை எட்டவே ஆண்டுகள் ஆகும். எனவே நகரத்து விளையாட்டாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ ஊருக்குப் போகும்போது, உங்கள் பரிந்துரைகளை அங்கே செலவிடுங்கள். பெருநகரத்தில் நூற்றோராவது நிறுத்தம் யாருக்கும் பெரிய மாற்றத்தைத் தராது. ஊரில் வரும் முதல் நிறுத்தம், அங்கிருக்கும் பள்ளிப் பிள்ளைக்கு விளையாட்டையே திறந்துவிடும்.

மூன்று அளவுகோல்கள் உள்ளன: தேடிப் போய்ப் பார்க்கத் தக்கதா, உடற்பயிற்சிக்கு உதவுமா, மனிதர்கள் கூடிப் பழகும் இடமா. இவற்றில் ஒன்று பொருந்தினால் போதும். இந்தக் கண்ணோடு தமிழ்நாட்டு ஊர் ஒன்றைச் சுற்றிப் பாருங்கள். மண் குதிரைகள் நிற்கும் ஐயனார் கோயில், தெப்பக்குளத்து மண்டபம், நடுகல், தேவாலயம், தர்கா, கிளை நூலகம், கலையரங்கம், விளையாட்டுத் திடல், மேடை கட்டிய ஆலமரம், பழைய கல்வெட்டு உள்ள ஏரி மதகு. வெறுமை என்று நினைத்த ஊரில் நல்ல பரிந்துரைகள் பல அகப்படும்.

படமும் எழுத்தும்தான் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். முதன்மைப் படம் பகலில், தெளிவாக, மனித முகமோ வண்டி எண்ணோ இல்லாமல் இருக்கட்டும். துணைப் படத்தில் சுற்றுப்புறம் முழுவதும் தெரிய வேண்டும். கிராமத்துக்கு இந்த இரண்டாவது படமே உயிர். காரணம், மதிப்பிடுகிறவர் எங்கோ இருப்பார். நகரம் என்றால் கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் சரிபார்ப்பார். இந்தியாவில் அந்த வசதி 2022இல் மறுபடி வந்தபோது சென்னை உள்ளிட்ட பத்து நகரங்களில்தான் தொடங்கியது. உங்கள் ஊர்த் தெரு அதில் இல்லாமல் போகலாம். அப்போது நீங்கள் எடுத்த படம் ஒன்றே சாட்சி. சாலை, மின்கம்பம், பக்கத்துக் கட்டடம் எல்லாம் தெரியும்படி சற்றுத் தள்ளி நின்று எடுங்கள்.

விளக்கத்தில் "அழகான கோயில்" என்று மட்டும் எழுதாதீர்கள். யாருடைய கோயில், எந்த மாதம் திருவிழா, குதிரைகளை யார் வனைந்தார்கள் என்று ஊரில் கேட்டு எழுதுங்கள். மூத்தவர்களிடம் உட்கார்ந்து கேட்பதே அந்தப் பயணத்தின் சிறந்த பகுதியாகிவிடும்.

எவை நிராகரிக்கப்படும்?

வீடுகள், தனியார் குடியிருப்பு நிலம், மேல்நிலை வரையான பள்ளிகள், மருத்துவமனை, தீயணைப்பு நிலையம் போன்றவை. ஊரில் கண்ணில் படும் முதல் கட்டடம் பள்ளிக்கூடம்தான் என்பதால் பலர் அதைப் பரிந்துரைத்து ஏமாறுகிறார்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்கான விதி அது, மாற வேண்டியதில்லை. மலை, ஏரி போன்ற இயற்கை அமைப்புகளும் தனியே செல்லாது. அங்கே மனிதர் அமைத்த பலகையோ மண்டபமோ இருந்தால் அதைக் காட்டலாம்.

ஏற்றுக்கொண்டதாக மின்னஞ்சல் வந்தது. ஆனால் விளையாட்டில் தெரியவில்லையே?

உலக வரைபடத்தை விளையாட்டு சிறு கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. பக்கத்துக்கு ஏறத்தாழ 70–80 மீட்டர் உள்ள ஒரு கட்டத்தில் ஒரு நிறுத்தம் மட்டும் என்பது நெடுங்கால விதி. கோயிலும் அதை ஒட்டிய மண்டபமும் ஒரே கட்டத்தில் விழுந்தால் ஒன்றுதான் காட்டப்படும். ஜிம் உருவாவதும் இதைவிடப் பெரிய கட்டத்தைப் பொறுத்தது: அதற்குள் இரண்டாவது இடம் சேர்ந்ததும் ஒன்று ஜிம் ஆகும் என்பது விளையாட்டாளர்கள் கண்டறிந்த கணக்கு. எனவே ஒரே தெருவில் குவிக்காமல், ஊரின் வெவ்வேறு மூலைகளில் பரிந்துரையுங்கள்.

கோயிலில் விளையாடுவது சரியா?

2016இல் வழிபாட்டு இடங்களில் முட்டைகள் தோன்றுவது மத உணர்வைப் புண்படுத்துகிறது என்று குஜராத் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே தொடுக்கப்பட்டது. அந்த மனக்குறையை மதிக்க வேண்டும் என்பது என் கருத்து. கருவறைக்கு முன் கைப்பேசியை நீட்டாதீர்கள், பூசை நேரத்தில் வெளியே நில்லுங்கள். முன்பு 40 மீட்டராக இருந்த, நிறுத்தத்தை எட்டும் தொலைவு 2020இல் 80 மீட்டராக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் சில நாடுகளில் அதைத் திரும்பக் குறைத்தபோது விளையாட்டாளர்கள் கடுமையாக எதிர்க்கவே, 80 மீட்டர் நிலைபெற்றது. சாலையில் நின்றே சுழற்ற முடியும்.

ஊரில் எல்லாராலும் எல்லா இடத்திலும் நிற்க முடிகிறதா?

முடிவதில்லை. இதை மறைத்துவிட்டுக் கிராமத்தில் விளையாடுவதைப் பற்றி எழுதக் கூடாது. ஒரு நிறுத்தம் கோயில் வாசலில் இருக்கிறது என்றால், அந்த வாசலில் நின்று ஐந்து நிமிடம் கைப்பேசியைப் பார்க்க ஊரின் எல்லாச் சாதியினருக்கும் ஒரே அளவு நிம்மதி இருக்காத இடங்கள் இன்னும் இருக்கின்றன. பெண்கள் மாலையில் தனியே நின்றால் கேள்வி வரும். வரைபடத்துக்கு இவை தெரியாது, பரிந்துரைக்கிற நமக்குத் தெரியும். ஊரில் முதல் இரண்டு பரிந்துரைகளைப் போடும்போது ஒன்று காலனிப் பகுதியில் இருக்கட்டும்: அங்குள்ள சமுதாயக் கூடம், அம்பேத்கர் சிலை, தேவாலயம், நூலகம், விளையாட்டுத் திடல். பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய நூலகம் போன்ற இடங்கள் பெண்களுக்கும் எளிதாக இருக்கும், விளக்கு வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருப்பதால்.

வயல்வெளியில் பாதுகாப்பு?

இருட்டிய பிறகு வரப்பில் திரையைப் பார்த்துக்கொண்டு நடக்காதீர்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறும் பாம்பும் விளையாட்டின் வரைபடத்தில் வராது. இருசக்கர வண்டி ஓட்டியபடி விளையாடவே கூடாது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஒரு மாவட்டத்தின் விபத்துப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், போக்கிமான் கோ வெளிவந்தபின் நிறுத்தங்களுக்கு அருகே விபத்துகள் கூடியதைக் கண்டார்கள். நம் ஊர்ச் சாலைகளுக்கு அந்த எச்சரிக்கை இன்னும் அதிகமாகப் பொருந்தும். வண்டியில் போனால் முட்டையும் பொரியாது. மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டரைத் தாண்டினால் ஜிபிஎஸ் கணக்கில் தூரம் ஏறாது.

இடத்தைப் பொய்யாகக் காட்டும் செயலிகள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. கிராமத்தில் இருப்பவர் ஏன் அவற்றைத் தேடுகிறார் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன். மூன்று கட்டத் தண்டனை உண்டு: முதலில் எச்சரிக்கை, அடுத்து ஒரு மாதத் தடை, மூன்றாவதாகக் கணக்கே போய்விடும். அதைவிட முக்கியமானது, உங்கள் ஊரில் இருந்துகொண்டு டோக்கியோவில் விளையாடினால், உங்கள் ஊரில் யாரும் விளையாடவில்லை என்ற பதிவே மிஞ்சும்.

வரைபடத்தில் எங்கள் தெருவே இல்லை. என்ன செய்யலாம்?

2017 இறுதியிலிருந்து போக்கிமான் கோ, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தைப் பயன்படுத்துகிறது. தன்னார்வலர்கள் வரையும் வரைபடம் அது. இலவசக் கணக்குத் தொடங்கி உங்கள் தெரு, குளம், பூங்கா, நடைபாதை ஆகியவற்றை நீங்களே சேர்க்கலாம். விளையாட்டில் அது தெரிய நாளாகும், ஏனெனில் அங்கே வரைபடத்தை அவ்வப்போதுதான் புதுப்பிக்கிறார்கள். உயிரினங்கள் வரும் என்று நினைத்து இல்லாத பூங்காவை வரைகிறவர்கள் உண்டு. தன்னார்வலர்கள் அதைக் கண்டுபிடித்து நீக்குகிறார்கள். உள்ளதை மட்டும் வரையுங்கள். நீங்கள் வரைந்த தெரு விளையாட்டுக்கு மட்டுமல்லாமல், அந்த வரைபடத்தை நம்பியிருக்கும் மற்ற எல்லாருக்கும் பயன்படும்.

ஊரில் இருப்பதால் ஏதாவது தனி நன்மை உண்டா?

உண்டு. வெளிநாட்டு நண்பர்கள் நம் பகுதியைத் தேடுகிறார்கள். டோர்கோல் போன்ற சில உயிரினங்கள் குறிப்பிட்ட நிலப்பகுதிகளில்தான் கிடைக்கும், அதில் இந்தியாவும் ஒன்று. விவில்லான் என்னும் வண்ணத்துப்பூச்சியின் சிறகு வடிவம், பரிசோடு வரும் அஞ்சலட்டை எந்த நிலப்பகுதியிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து அமையும். அந்தக் கணக்கில் பெருநகரத்து அட்டையும் குக்கிராமத்து அட்டையும் சமம். அந்த அட்டையில் நிறுத்தத்தின் படமும் பெயரும் இருக்கும். உங்கள் ஊர் ஐயனார் கோயில் நிறுத்தமாகிவிட்டால், அதன் படம் பிரேசிலில் ஒருவருடைய கைப்பேசியில் போய்ச் சேரும்.

போக்கிமான் கோ ஒத்துவரவில்லை. வேறு எதை ஆடலாம்?

பிக்மின் ப்ளூம் 2021இல் வந்தது. அடி எண்ணிக்கையை மையமாகக் கொண்டதால், நிறுத்தங்கள் இல்லாத ஊரிலும் நடந்தாலே முன்னேறலாம். ஜியோகேஷிங் இன்னும் பழையது. 2000 மே மாதம் ஜிபிஎஸ் துல்லியத்தின் மீதிருந்த கட்டுப்பாட்டை அமெரிக்க அரசு நீக்கிய மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் முதல் பெட்டி வைக்கப்பட்டது. ஒருவர் ஒளித்து வைத்த பெட்டியை, தரப்பட்ட ஆயத்தொலைவைக் கொண்டு மற்றவர் தேடிக் கண்டுபிடிப்பதே ஆட்டம். இதில் நீங்களே பெட்டி வைக்கலாம். நிலத்துக்கு உரியவரிடம் அனுமதி கேட்டு, மழைநீர் புகாத டப்பாவில் ஒரு குறிப்பேட்டைப் போட்டு வையுங்கள். கோயில், பேருந்து நிலையம் போன்ற கூட்டமான இடங்களில் மூடிய பெட்டி வைத்தால் காவல்துறைக்குத் தகவல் போகும். அங்கே மட்டும் தவிர்த்துவிடுங்கள்.